கரடியின் கையில் இருந்தது என்ன?

அகநானூற்றின் 72ஆம் பாட்டைப் பேசுகிற எல்லாரும் மின்மினியோடு நின்றுவிடுகிறோம். இரவில் கரடி புற்றைத் தோண்டுகிறது. அதில் மொய்த்திருந்த மின்மினிகள் பொறியாகத் தெறிக்கின்றன. கரடி கொல்லனாகத் தெரிகிறது. மேடையில் சொன்னால் கைதட்டு நிச்சயம். சரி, அந்தக் கொல்லன் உள்ளேயிருந்து எதை எடுக்கிறான்?

குரும்பி. எருமை வெளியனார் மகனார் கடலனார் கறையான் என்று எழுதவில்லை. 8ஆம் பாட்டில் பெருங்குன்றூர் கிழாரும் கரடியின் உணவாகக் குரும்பியைத்தான் சொல்கிறார். அகராதி இதற்குப் புற்றாஞ்சோறு என்று பொருள் தருகிறது. ‘கறையான் தின்னும் கரடி’ என்று நாம் சுருக்கும்போது தொலைவது இந்தச் சோறுதான்.

அது வெறும் கூடு இல்லை, காளான் வயல். கறையான் மரத்தையும் சருகையும் தின்று, பாதி செரித்ததைக் கழிவாக அடுக்கி, கடற்பஞ்சு மாதிரி கட்டுகிறது. அதில் டெர்மிடோமைசிஸ் என்ற காளான் வளர்கிறது. அதன் மேல் கடுகளவு வெள்ளை முடிச்சுகள் திரள்கின்றன. வேலைக்காரக் கறையான்கள் முடிச்சைத் தின்கின்றன. உள்ளிருக்கும் வித்துகள் குடலில் சாகாமல் கழிவோடு வெளியேறி அடுத்த அடுக்கில் முளைக்கின்றன. தின்பதும் விதைப்பதும் ஒரே வேலை. களக்காடு, கடையம் மலையடிவாரத்தில் மழை விட்டதும் புத்துல முளைக்கிற காளானைப் பிடுங்கிப் பாருங்க. வேர் மாதிரி நீண்ட தண்டு மண்ணுக்குள்ளே போகும். அது போய்ச் சேருகிற இடம் குரும்பி. நம்ம குழம்புக்கு வருவதும் கடலனாரின் கரடி தேடியதும் ஒரே அடுக்களையிலிருந்துதான்.

உடனே, ‘சங்கப் புலவருக்கு அன்றே பூஞ்சையியல் தெரியும்’ என்று கிளம்ப வேண்டாம். வித்து அவருக்குத் தெரிந்திருக்காது. தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த கோனிக் 1779இல் கறையான் பற்றி எழுதியபோதுதான் புற்றுக்குள் காளான் இருப்பது ஐரோப்பிய அறிவியலில் பதிவானது. டெர்மிடோமைசிஸ் என்ற பெயரை ரோஜே எய்ம் வைத்தது 1942இல். ஆனால் வயலுக்குத் தனிப்பெயர் இங்கே முன்பே இருந்தது. அதைச் சோறு என்று யாரோ சரியாகவே ஊகித்துமிருக்கிறார்கள்.

விலங்கியல் பக்கமிருந்து ஓர் ஆட்சேபம் வரலாம். நம் கரடிக்கு மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டு கிடையாது. அந்த இடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சவே அப்படி. அப்போது கவிஞர் பிழை செய்தாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. குஞ்சுக் கறையான்கள் மொய்த்துக் கிடப்பது குரும்பியில்தான். இருட்டில், எட்ட நின்று பார்க்கிறவருக்குக் கரடியின் நகத்தில் பெயர்ந்து வருவது அந்தக் கட்டி. அவர் அதன் பெயரைச் சொன்னார்.