சொல்லில் புகுந்த பிழை

காவியப் புனைவுகளில் இடம்பெறும் முன்னறிவிப்புகளைப் பலரும் விடுகதைகளாகவே படிக்கின்றனர். விடை கிடைத்துவிட்டால் நூலே விளங்கிவிட்டது என்பது அவர்களின் எண்ணம். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் 1996இல் தொடங்கி, 2011இல் ஐந்தாம் பாகத்தோடு நிறுத்தி வைத்திருக்கும் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நாவல் வரிசையை இவ்வாறு படிப்பது அதற்கு இழைக்கும் அநீதியாகும். அதில் வரும் முன்னறிவிப்புகளை விட, அவற்றுக்குப் பொருள் கூறுவோரின் பிழைகளே கவனிக்கத்தக்கவை.

நான்காம் பாகமான 'எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்' (2005) இதற்குத் தக்க சான்று. நூறு வயது கடந்த, பார்வையிழந்த அறிஞர் ஏமன், தம் இறுதிக் கடற்பயணத்தில் ஓர் உண்மையை உணர்கிறார். உலகை மீட்க வாக்களிக்கப்பட்ட 'இளவரசன்' வருவான் என்று அவருடைய குலத்தார் தலைமுறை தலைமுறையாக ஆண்மக்களையே எதிர்பார்த்திருந்தனர். இளவரசன் ரேகர் முதலில் தன்னையும் பின்னர் தன் மகனையும் அவ்வாறு கருதினான். பிழையோ மொழிபெயர்ப்பில் இருந்தது. ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காத டிராகன்களோடு தொடர்புடைய அச்சொல்லை ஆண்பாலாக்கிவிட்டனர். பெண் ஒருத்தியை எவரும் தேடவேயில்லை. ஆண்பால் வினையே பெண்களையும் உள்ளடக்கி வரும் 'தஃக்லீப்' முறையை அரபு நஹ்வில் பயின்றவர்களுக்கு இந்த இடம் புதிதாகத் தோன்றாது. ஒரு விகுதியைத் தவறாகக் கொண்டதால் ஒரு குலமே திசை மாறிப் போயிற்று.

அதே பாகத்தில் அரசி செர்ஸியின் கதையும் வருகிறது. சிறுமியாக இருந்தபோது அவள் மேகி என்னும் குறிகாரியிடம் சென்றாள். (சூனியக்காரியைக் குறிக்கும் 'மேகை' என்ற கிழக்கத்தியச் சொல் ஊரார் நாவில் திரிந்து அவளுடைய பெயராயிற்று, பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது.) 'வலோன்கார்' தன் கழுத்தை நெரிப்பான் என்று அவள் சொல்லக் கேட்கிறாள் செர்ஸி. அச்சொல்லின் பொருளைத் தன்னை வளர்த்த துறவியிடம் வினவுகிறாள். இளைய சகோதரன் என்று விடை கிடைக்கிறது. விடை சரியானதே. ஆனால் அந்தக் கணமே அவள் மனம் தான் வெறுக்கும் டிரியனிடம் சென்று நின்றுவிடுகிறது. தன் இரட்டையன் ஜேமியும் தனக்குப் பின் பிறந்தவனே என்பதை அவள் எண்ணிப் பார்ப்பதேயில்லை.

கனவு விளக்கம் பற்றிப் பேசும் நம் நூல்களில் இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்களைக் குறித்து ஒரு செய்தி கூறப்படுவதுண்டு. தாம் பாங்கு சொல்வதாக ஒரே கனவைக் கண்ட இருவருள் ஒருவருக்கு ஹஜ்ஜையும், மற்றவருக்குத் திருட்டுக் குற்றத்தையும் அவர்கள் பொருளாக உரைத்தார்களாம். கனவோடு கனவு கண்டவரையும் அவர்கள் நோக்கினார்கள். செர்ஸி நோக்குவதோ தன் அச்சத்தை மட்டுமே. இளைய அரசி ஒருத்தி தன்னை வீழ்த்துவாள் என்ற மற்றொரு குறியை மார்ஜரிமீது ஏற்றி, அவளைச் சிக்கவைக்க விரித்த வலையில் தானே சிக்கிச் சிறைப்படுகிறாள்.

ஏமன் கூறியதைக் கொண்டு 'வலோன்கார்' ஒரு பெண்ணாகவும் இருக்கலாம் என வாதிடுவோர் உளர். குறிகாரியின் கூற்றில் ஆண்பாற் பெயரே தொடர்ந்து வருவதால் இவ்வாதம் வலுவற்றது என்பேன். ஜேமி கண்முன் நிற்கையில் அத்தனை தூரம் போக வேண்டியதுமில்லை.

எல்லா இடங்களிலும் மார்ட்டின் இத்தகைய நேர்த்தியைக் காட்டுகிறார் என்று சொல்ல இயலாது. இரண்டாம் பாகத்தில் (1998) டெனேரிஸ் காணும் காட்சிகளுள் ஓநாய்த் தலையோடு வீற்றிருக்கும் அரசனின் காட்சி அடுத்த பாகத்திலேயே நிறைவேறிவிடுகிறது. அதில் திகில் உண்டு. பொருள்கொள்வோரைச் சோதிக்கும் தன்மை இல்லை. மெலிசாண்ட்ரேயின் அத்தியாயம் (2011) இதனினும் சிறந்தது. மீட்பனைக் காட்டுமாறு அவள் நெருப்பிடம் மன்றாடுகிறாள். தென்படுவது 'ஸ்னோ' மட்டுமே. ஸ்டானிஸையே மீட்பன் என முடிவு கட்டிவிட்டவளுக்கு, ஜான் ஸ்னோவின் குடும்பப் பெயர் அது என்று தோன்றவேயில்லை.

2015இல் ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரின் ஐந்தாம் பருவம் குறிகாரிக் காட்சியைக் காட்டியது. 'வலோன்கார்' பகுதியை மட்டும் விட்டுவிட்டது. எஞ்சியது விதி பற்றிய ஓர் அச்சுறுத்தலே. நாவலில் செர்ஸி இன்னும் டிரியனின் தலையையே தேடிக்கொண்டிருக்கிறாள். சிறையிலிருந்து தன்னைக் காக்க வருமாறு அவள் ஜேமிக்கு எழுதும் கடிதத்தோடு நான்காம் பாகத்தில் அவனுடைய கதை நிற்கிறது. கடிதத்தைப் படித்த ஜேமி, அதை நெருப்பிலிடுமாறு சொல்கிறான்.