கோட்டா பிரீமியமும் ஃபோர்டு ஜிடியும்

வாங்கினவர் இரண்டு வருஷம் விற்கக் கூடாது என்று எழுதி வாங்கித்தான் ஃபோர்டு, ஜிடி காரைக் கொடுத்தது. மல்யுத்த வீரர் ஜான் சீனா சீக்கிரமே விற்றுவிட்டார். 2017-ல் வழக்கு, 2018-ல் சமரசம்.

இந்த நிபந்தனை லாபத்தை ஒழிக்காது, தள்ளித்தான் போடும். திருப்பூருக்கு இது பழகின கணக்கு. அமெரிக்கா, ஐரோப்பாவுக்குத் துணி அனுப்ப கோட்டா இருந்த காலத்தில், பழைய ஏற்றுமதியை வைத்து உரிமை வாங்கினவர்கள் அதையே பிரீமியத்துக்குக் கைமாற்றினார்கள். ஒரு பனியன்கூடத் தைக்காம காசு! கொடுத்தது, ஆர்டர் இருந்தும் கோட்டா இல்லாதவர். 2005 ஜனவரி 1-ல் கோட்டா போச்சு, பிரீமியமும் போச்சு.

அங்கே கைமாற்ற அனுமதி, இங்கே தடை. வேர் ஒண்ணுதான், தட்டுப்பாடு. ஓட்டுறவங்க கைக்குத்தான் கார் போகணும்னா, விற்கும்போது வாங்கின விலைக்கே கம்பெனி திருப்பி எடுக்கணும். அப்போ காத்திருந்தாலும் லாபமில்லை.