பிரிவும் பொறுப்பேற்பும்

பொருள் தேடிப் பிறநாடு செல்லுதல் தமிழர்க்குப் புதியதன்று. அதனைப் பாடுதலும் புதியதன்று. கடல் கடந்தேனும் செல்வம் ஈட்டுமாறு ஔவையார் நம் சிறுவர்க்கு அறிவுறுத்தினார். கணியன் பூங்குன்றனாரின் புறப்பாட்டோ சங்க விழாக்கள்தோறும் மேடையில் முழங்குகிறது. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. சென்ற இடத்தில் தமிழன் என்ன செய்தான்? எந்த மேசையின் முன் அமர்ந்தான்? அடுத்த மேசையில் இருந்தவன் எந்த நாட்டான், அவனோடு நம்மவன் என்ன பேசினான்? இவ்வினாக்களுக்கு நம் இலக்கியம் அளித்துள்ள விடையைச் சற்றே ஆராய்ந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இது வெறும் ஏட்டாராய்ச்சி அன்று. நம் பெற்றோரும் நாமும் கிராண்ட் டிரங்க் விரைவுவண்டியில் ஏறித் தலைநகர் வந்து சேர்ந்தோம். நம் மக்களோ வானூர்தியில் ஏறி ஜெனீவாவுக்கும் நைரோபிக்கும் துபாய்க்கும் வேலையேற்கச் செல்கின்றனர். புறப்படும் பிள்ளையின் பெட்டியில் ஊறுகாய்ப் புட்டிக்கும் பருப்புப் பொடிக்கும் இடம் தேடுகிறோம். ஒரு தமிழ் நூலுக்கும் இடம் உண்டென்றால், எந்த நூலை வைப்பது? அவர்கள் இனி வாழப்போகும் வாழ்வை அறிந்த நூல் தமிழில் உண்டா?

பாலையில் நின்றுவிட்ட பாட்டு

ஓதல், பகை, தூது எனப் பிரிவுக்குரிய காரணங்களை வகுத்த தொல்காப்பியம், பொருள் காரணமான பிரிவையும் கூறுகிறது. பெண்ணோடு கூடிய முந்நீர்ப் பயணம் வழக்கில் இல்லை என்றும் அது விதிக்கிறது. முந்நீர் என்பதைக் கடல் என்று கொண்டோரும் உண்டு; வேறு பொருள் கொண்டோரும் உண்டு. எவ்வாறாயினும் தலைவன் செல்வதும் தலைவி இல்லில் இருப்பதுமே அகப்பாட்டின் நிலைக்களம் ஆயிற்று. பாலைத் திணைப் பாடல்களில் வறண்ட சுரம் உண்டு, வழிப்பறிக் கள்வர் உண்டு, நாளெண்ணும் தலைவி உண்டு. தலைவன் வேங்கடத்துக்கு அப்பால், மொழி மாறும் நாட்டுக்குச் செல்கிறான். அங்கே அவன் செய்த தொழில் யாது, எவரோடு பழகினான் என்பவற்றைப் பாட்டு சொல்வதில்லை. அவனைச் சுரத்தின் நடுவிலேயே விட்டுவிட்டு அது தலைவியிடம் திரும்பிவிடுகிறது. அந்த மொழி மாறும் நாட்டில்தான் நாம் இன்று குடியிருக்கிறோம் என்பதை எண்ணும்போது, பாட்டு நம்மைப் பாதி வழியில் விட்டுச் சென்றதாகவே தோன்றுகிறது.

எனினும் நம் முன்னோர்க்கு இவ்வாழ்வு தெரியாததன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை 301 அடிகளால் ஆனது. காவிரிப்பூம்பட்டினமே கிடைப்பதாயினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்று தலைவன் மறுப்பதே அதன் அகப்பொருள். அதற்கென அமைந்தவை சில அடிகளே. பிறவெல்லாம் ஊரும் அரசனுமே. அவ்வூரில் கடல்வழி வந்த குதிரைகளும், வண்டிகளில் வந்த மிளகுப் பொதிகளும், கங்கை நாட்டுப் பொருள்களும், ஈழத்து உணவும் குவிந்து கிடக்கின்றன. சுங்க அலுவலர் ஓய்வின்றி உழைத்துப் பொதிகளின்மேல் புலி முத்திரை பொறிக்கின்றனர். பல மொழி பேசும் அயல்நாட்டார் அவ்வூரில் கலந்து இனிதாக வாழ்கின்றனர். எழுத்தர் மேசையில் காலம் கழிக்கும் நமக்கு, தமிழின் முதல் அலுவலகக் காட்சி இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது. பிரிய மறுத்தவனைப் பற்றிய பாட்டிலேயே, பிரிந்து வந்து ஊன்றிய அயலாரின் சித்திரமும் கிடைக்கிறது. வந்தவரை நாம் அன்றே எழுதியிருக்கிறோம். நாமே வந்தவராகும்போது அந்தக் கண் நமக்கு இருந்ததா என்பதே கேள்வி.

பெட்டியடியும் கடலும்

இருபதாம் நூற்றாண்டில் கடல் கடந்த தமிழர் பெரும்பாலும் கூலிகளாகவே சென்றனர். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வருந்திய பெண்களுக்காகப் பாரதியார் பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் துயரைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் வரைந்தார். இவை அறச்சீற்றத்தின் குரல்கள். அவற்றின் இடம் உயர்ந்தது. ஆனால் இரண்டும் கரையில் நின்று எழுப்பிய குரல்கள்.

உள்ளிருந்து எழுதியவர் ப. சிங்காரம். 1920இல் பிறந்த அவர் இளமையில் இந்தோனேசியாவின் மேடான் நகரில் கடைப் பணியாளாக இருந்தவர். பிற்காலத்தில் மதுரையில் நாளிதழ்ப் பணியில் அமர்ந்தார். 'கடலுக்கு அப்பால்' 1959இலும், 'புயலிலே ஒரு தோணி' 1972இலும் வெளிவந்தன. போரும் புயலும் இந்திய தேசிய இராணுவமும் நிறைந்த நூல்கள் என்றே பலரும் இவற்றைப் போற்றுவர். நாம் போற்றுவது பிறிதொன்று. செட்டிநாட்டு மரபில் நடந்த வட்டிக்கடையின் உள்நடப்பை, பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்னும் படிநிலையை, அவர்கள் பேச்சை, அவர்கள் கணக்கை அவர் அறிந்து எழுதினார். மலாயும் சீனமும் டச்சும் தெருவில் ஒலிக்க, கடைக்குள் தமிழ் ஒலிக்கிறது.

இங்கே ஒன்றைக் கருதவேண்டும். அந்தத் தமிழன் அயல்நாட்டில் இருந்தான். அவன் அலுவலகமோ ஊரிலேயே இருந்தது. பேரேடு தமிழில், மேலாள் தமிழன், சமையல் ஊர்ச் சமையல். தவணைக் காலம் முடிந்ததும் கணக்கு முடித்து ஊர் திரும்பவேண்டும் என்பதே அவ்வாழ்வின் இலக்கணம். 'புயலிலே ஒரு தோணி'யின் பாண்டியன் மனம் மேடானிலும் பினாங்கிலும் திரியும்போதே மதுரைத் தெருக்களிலும் திரிகிறது; அவன் ஊர் திரும்பாமலே மடிகிறான். ஊன்றாத வாழ்வின் அவலத்தை இவ்வளவு கூர்மையாகத் தமிழில் எழுதியவர் வேறொருவர் இல்லை என்பது நம் துணிபு. ஊன்றியவனின் கதை அப்போதும் எழுதப்படாமலே இருந்தது.

பலநாட்டார் கூடிய அலுவலகம்

பின்னர் வந்த தலைமுறைக்கு வேறு வகை அலுவலகம் வாய்த்தது. அங்கே பேரேடு எவர் தாய்மொழியிலும் இல்லை எனலாம். 1945இல் தோன்றிய ஐக்கிய நாடுகள் அமைப்பு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் அலுவல் மொழிகள் அரபு, ஆங்கிலம், சீனம், பிரெஞ்சு, ருஷியம், ஸ்பானியம் என ஆறு. அங்கே பணியேற்பவர் எந்த அரசிடமும், தம் சொந்த அரசிடமும்கூட, ஆணை பெறலாகாது என்பது அதன் சாசனத்தின் 100ஆம் பிரிவு வகுத்த நெறி. நம் நாட்டு அலுவலர்க்கு இது பெரும் மனமாற்றம். 1960களில் அவ்வமைப்பின் பொதுச்செயலாளர் ஊ தாண்டின் அலுவலகத்தில் தலைமைப் பொறுப்பு வகித்த சி. வி. நரசிம்மன் தமிழரே. மகாபாரதத்தைச் சுருக்கி ஆங்கிலத்தில் தந்தவர் அவர். இத்தகைய பொறுப்புகளை வகித்த நம்மவர் பேனா எடுத்தபோது பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதினர்.

தமிழில் எழுதியோர் சிலரே. அசோகமித்திரன் 1973-74இல் அமெரிக்காவின் அயோவா நகரில், பல நாட்டு எழுத்தாளர்கள் கூடிய திட்டத்தில் தங்கினார், அவ்வனுபவமே 'ஒற்றன்!' ஆயிற்று. அயல்நாட்டாரைப் பார்த்து வியக்காமலும் இகழாமலும், நம் தெருக்காரரைப் போலவே நோக்கும் அமைதி அந்நூலின் சிறப்பு. ஆயினும் அவர் அங்கே விருந்தினர். திரும்பும் நாள் முன்னமே குறிக்கப்பட்டது. தலைநகரில் நம்மிடையே வாழ்ந்த இந்திரா பார்த்தசாரதி 1980களில் வார்ஸா பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். போலந்தைக் களமாக்கி 'ஏசுவின் தோழர்கள்' எழுதினார். புறப்பாடும் ஏக்கமும் என்னும் பழைய வட்டத்தை இவ்விரு நூல்களும் தாண்டின.

வட்டத்தை முற்றிலும் தாண்டியவர் அ. முத்துலிங்கம் என்பது நம் கருத்து. 1937இல் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்து, கணக்காளராகப் பயின்று, ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியில் ஆப்பிரிக்க நாடுகளிலும் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலும் வாழ்ந்தவர். முதல் தொகுதி 'அக்கா' 1964இல் வந்தது. அடுத்த தொகுதி 'திகடசக்கரம்' 1995இல் வந்தது. இடையில் 31 ஆண்டுகள். அவற்றின் பெரும்பகுதி அலுவலகத்துக்குச் சென்ற ஆண்டுகள். ஓர் ஊரில் இறங்கிய மறுநாளே அவ்வூரை எழுதிவிட இயலாது என்பதற்கு அவ்விடைவெளியே சான்று.

அவர் கதைகளில் புதுமை எங்கே உள்ளது? அயல்நாடு அங்கே நம் துயரத்துக்குத் திரைச்சீலையாகத் தொங்கவில்லை. சோமாலியாவில் தண்ணீருக்காக நெடுந்தொலைவு நடக்கும் பெண்ணைப் பற்றிய 'ஒட்டகம்' கதையில் தமிழனின் ஏக்கத்துக்கு இடமில்லை. அப்பெண்ணின் தாகத்துக்கே இடம். 2008இல் வந்த 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' நாவலில் நாடுகள் மாறுகின்றன, வீடுகள் மாறுகின்றன, பழகும் மனிதர் மாறுகின்றனர். அவர்களுக்கும் ஊர் உண்டு, வழக்கம் உண்டு, நம்மை நோக்கிச் சிரிக்கும் உரிமை உண்டு. அங்கே அயலான் கதைசொல்லியே. அந்த உண்மையை அவர் நகைச்சுவையோடு ஏற்றுக்கொள்கிறார். பட்டினப்பாலைப் புலவர் வந்தவரை நோக்கிய கண், வந்தவரில் ஒருவரிடமிருந்து ஊராரை நோக்கித் திரும்பியிருக்கிறது.

குறையும் கடமையும்

போற்றிய நாம் குறையையும் கூறவேண்டும். அலுவலகத்தின் வாயிலில் நுழைவோரையும் அதன் புறத்தே வாழ்வோரையும் முத்துலிங்கம் நன்கு காட்டுகிறார். அலுவலையே காட்டும் இடங்கள் குறைவு. பன்னாட்டு அலுவலர் என்பவர் ஏழை நாட்டில் நல்ல ஊதியமும் வண்டியும் ஏவலரும் உடையவர். அவ்வதிகாரம் அவர் மனத்தில் என்ன செய்கிறது என்னும் கேள்வியைக் கதைகள் பெரும்பாலும் புன்னகையோடு கடந்துவிடுகின்றன. கோப்பில் ஒரு கையெழுத்துத் தாமதித்தால் எங்கோ ஒரு கிணறு தாமதிக்கும் என்பதை அறிந்தவர் அவர். அக்கையெழுத்தின் கதையை இன்னும் கூடுதலாக எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு.

பிறிதொரு குறை அவருடையது மட்டுமன்று. கணவன் வேலையேற்ற அன்றே அவனுக்கு ஒரு மேசை கிடைக்கிறது, சிலர் பெயர் தெரிகிறது. உடன் சென்ற மனைவிக்கு எந்த ஆணையும் இல்லை, எந்த மேசையும் இல்லை. அடுப்பு முதல் பள்ளிக்கூடம் வரை அயல்மொழியில் அவளே ஊன்றவேண்டும். இன்றோ பெண்களே வேலையாணை பெற்றுத் தனியே செல்கின்றனர். தொல்காப்பியத்தின் முந்நீர் விதி வாழ்வில் எப்போதோ மாறிவிட்டது. எழுத்தில் அதன் நிழல் நீங்கவில்லை. லண்டனில் வாழ்ந்து எழுதும் ராஜேஸ்வரி பாலசுப்பிரமணியம் போன்றோர் தொடங்கிவைத்த பணி தொடரவேண்டும்.

அலுவலக விதிநூல் ஒன்று இவ்விடத்தில் நமக்குத் துணை செய்கிறது. மத்திய அரசின் அடிப்படை விதிகளில் 'லியன்' என்றொரு சொல் உண்டு. வேறிடம் அனுப்பப்பட்டவர்க்குத் தம் பழைய பணியிடத்தின்மேல் எஞ்சியிருக்கும் உரிமை அது. நம் புலம்பெயர் எழுத்தின் பெரும்பகுதி லியனை மட்டுமே எழுதியது: ஊரின் வீடு, கோயில், மாமரம், அம்மாவின் கைமணம். இவற்றை இகழ்வது நம் கருத்தன்று. அவ்வுரிமை இல்லாதவன் அனாதை. ஆனால் புதிய இடத்தில் பொறுப்பேற்றதற்கான அறிக்கையை அளிக்காதவர்க்கு அங்கே சம்பளம் இல்லை என்பதும் விதியே. புதிய பணியிடத்தில் நிலையான உரிமை பெற்றவர் பழைய லியனை இழப்பார் என்றும் விதி கூறுகிறது. இலக்கியத்துக்கு அந்த விதி பொருந்தாது. கொக்குவிலையும் காபூலையும் ஒரே நூலில் வைக்க இயலும் என்று முத்துலிங்கம் காட்டியிருக்கிறார்.

ஆகவே, பிள்ளையின் பெட்டியில் வைக்கவேண்டிய நூல் எது என்ற கேள்விக்கு நம் விடை இது: 'புயலிலே ஒரு தோணி'யையும் முத்துலிங்கத்தின் ஒரு தொகுதியையும் சேர்த்து வையுங்கள். முன்னது ஊன்றாமல் போனவனின் விலையைச் சொல்லும். பின்னது அடுத்த மேசைக்காரரை நிமிர்ந்து பார்க்கச் சொல்லும். சில ஆண்டுகள் கழித்து அப்பிள்ளையிடமோ பெண்ணிடமோ நம் சங்கங்கள் கட்டுரை கேட்கட்டும். ஊரை நினைத்து ஏங்கும் கட்டுரை நம்மிடம் நிறையவே இருக்கிறது. அங்கே முதல் நாள் கோப்பு எப்படி வந்தது, அதை விளக்கிச் சொன்ன கென்யரோ பிலிப்பைன்ஸ்காரரோ எப்படிப் பேசினார், நண்பகலில் எவரோடு அமர்ந்து உண்டார்கள் என்று தமிழில் எழுதச் சொல்லுவோம். அத்தகைய பத்துக் கட்டுரைகள் வந்த மலர், அடுத்துப் புறப்படும் பிள்ளையின் பெட்டியில் தானே இடம் பெறும்.