இலவசமும் வெட்டியும்

வெட்டி என்றால் கூலியில்லா வேலை. 1976இல் அரசு ஏற்கும்வரை கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களுக்கு மலையாளிப் பழங்குடிகள் அப்படித்தான் உழைத்தார்கள். கட்டற்ற மென்பொருள் செய்பவரிடம் 'காசு எதுக்குங்க, சேவைதானே' என்று கள்ளக்குறிச்சித் தோழர்களே கேட்கும்போது எனக்கு அந்தச் சொல்தான் ஞாபகம் வருது. (ஒப்பீடு முழுசாப் பொருந்தாது; இங்கே யாரும் கட்டாயப்படுத்தவில்லை.)

கட்டற்றது என்பது மூலநிரலைப் படிக்க, திருத்த, பகிர உள்ள உரிமை. விலை கூடாது என்பதல்ல. ஸ்டால்மனே 1985இல் ஈமாக்ஸ் நாடாவை 150 டாலருக்கு விற்றார். ஆனால் எவரும் நகலெடுக்கலாம் என்கிற பண்டத்தை எத்தனை நாள் விற்பது? ஆகவே பராமரிப்பு, பயிற்சி, கேட்டபடி மாற்றித் தருதல் என்று உழைப்பைத்தான் விற்க வேண்டியிருக்கிறது. அவ்வழியில் வளர்ந்த ரெட்ஹாட்டை 2019இல் ஐபிஎம் 3400 கோடி டாலருக்கு வாங்கியது. இணையத்தின் பெரும்பகுதிக்குப் பூட்டாக இருந்த ஓபன்எஸ்எஸ்எல்லுக்கோ, 2014இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்படும்வரை வந்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 டாலர். அதன்பிறகுதான் பெரிய கம்பெனிகள் பணம் போட்டன.

கம்பெனிகளை மட்டும் திட்டி என்ன பயன்? எ-கலப்பையில் தட்டச்சு செய்துதான் நாங்கள் இதழ் கொண்டுவந்தோம். காகிதக் கடைக்குக் கொடுத்தோம், அச்சகத்துக்குக் கொடுத்தோம், தபாலுக்குக் கொடுத்தோம். எ-கலப்பை செய்தவர்களுக்கு ஒரு ரூபாய் அனுப்பியதில்லை. அப்படியொரு செலவு இருப்பதாகவே எங்கள் கணக்கு நோட்டில் இல்லை.