ஜாய்ஸ்டிக்கின் நடுப்புள்ளி

விமான விளையாட்டுக்கென்று வாங்கிய ஜாய்ஸ்டிக்கை அப்படியே, கால்களால் நடக்கும் ராட்சதப் போர் இயந்திரமான மெக்கை ஓட்டும் விளையாட்டில் செருகி உட்காருகிறவருக்கு முதல் சண்டையிலேயே ஒரு எரிச்சல் காத்திருக்கும். குறி ஓரிடத்தில் நிற்காது. எதிரியின் இடது தோளுக்கு வைத்த குறி வலது தோளில் போய் நிற்கும். திருத்தப் போனால் ஆளையே தாண்டி வானத்துக்குப் போய்விடும். ஜாய்ஸ்டிக் மட்டம் என்று ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டு மௌஸுக்குத் திரும்புவார்கள். பெரும்பாலும் ஜாய்ஸ்டிக் மட்டமில்லை. அது வேறு வேலைக்குச் செய்த பண்டம், அவ்வளவுதான்.

விமானத்துக்கு உடம்பு ஒன்று. குச்சியைச் சாய்த்தால் முழு உடம்பும் சாய்கிறது; ஒரு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் காற்று பொறுத்துக்கொள்ளும். மெக்குக்கு உடம்பு இரண்டு. இடுப்புக்குக் கீழே கால்கள் ஒரு திசையில் ஓடும். இடுப்புக்கு மேலே ஆயுதம் சுமந்த உடல் இன்னொரு திசையில் திரும்பியிருக்கும். 1984-ல் பலகை விளையாட்டாகப் பிறந்த பேட்டில்டெக், 1989-ல் மெக்வாரியர் என்று கணினிக்கு வந்தது. இந்த இடுப்புத் திருப்பம்தான் இந்த வகை விளையாட்டின் உயிர். எதிரியைச் சுற்றி வட்டமாக ஓடியபடி உடலை மட்டும் அவன் பக்கம் திருப்பிச் சுடவேண்டும். சுட்டு முடித்த கணமே மறுபக்கம் திருப்பி, வருகிற அடியை வெறுந்தோளில் வாங்கவேண்டும்.

அடியும் மொத்தமாக விழுவதில்லை. கை, கால், நடு மார்பு, பக்க மார்பு என்று ஒவ்வொரு உறுப்புக்கும் தனிக் கவசம். லேசர் என்பது ஒரு தோட்டா போல நொடியில் முடிகிற சமாச்சாரமும் இல்லை. கதிர் எரிந்துகொண்டிருக்கும் நேரம் முழுக்க ஒரே உறுப்பின் மேல் குறியை நிறுத்திவைக்க வேண்டும். நடுங்கினால் கதிர் எதிரியின் மேல் கோலம் போட்டுவிட்டுப் போகும்; ஓர் உறுப்பும் உடையாது. ஆக, இந்த விளையாட்டில் கை செய்யும் வேலையில் முக்கால்வாசி, குச்சி நிமிர்ந்து நிற்கும் இடத்தைச் சுற்றிய விரற்கடை வட்டத்துக்குள் நடக்கிறது. ஓரங்கள் அவசரத்துக்குத்தான். மெக்குக்கு ஜாய்ஸ்டிக் பார்க்கிறவர் பட்டன்களை எண்ணக் கூடாது, நடுவைத்தான் பார்க்க வேண்டும்.

நடு என்பது இரண்டு சங்கதி. ஒன்று சென்சாருக்குத் தெரிகிற நடு. மற்றது கைக்குத் தெரிகிற நடு.

சென்சார் கதை பழையது. 1981-ல் ஐபிஎம் தன் கணினிக்குக் கொடுத்த கேம் போர்ட் அட்டையில் குச்சியின் நிலையை நேரே அளக்கும் கருவியே கிடையாது. குச்சிக்குள் ஒரு மின்தடை, அட்டையில் ஒரு கெப்பாசிட்டர். அது நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணினி எண்ணிப் பார்த்துக் குச்சி எங்கே இருக்கிறது என்று ஊகிக்கும். சூடு ஏறினால் நடு நகரும். 1995-ல் மைக்ரோசாஃப்ட்டின் சைட்வைண்டர் 3டி ப்ரோ ஒளியால் அளக்கும் முறையோடு வந்து இந்தத் தொல்லையை ஒழித்தது. மெக்வாரியர் 2 வெளிவந்ததும் அதே ஆண்டு. குச்சியைச் சாய்த்தால் கால் திரும்பும், பிடியை முறுக்கினால் உடல் திரும்பும் என்ற அந்தக் காலத்து ஏற்பாட்டில் பழகியவர்கள் இன்னும் அதை விடவில்லை.

இன்றைக்கு மலிவில் கிடைக்கும் லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோவில் பொட்டென்ஷியோமீட்டர்தான். கரித்தடத்தின் மேல் ஒரு உலோக நாக்கு உரசி ஓடும். நாம் எந்நேரமும் நடுவிலேயே விளையாடுவதால் தடமும் நடுவில்தான் முதலில் தேயும். கொஞ்ச நாளில் குச்சியைத் தொடாமலே குறி துள்ளும். காந்தப்புலத்தை அளக்கும் ஹால் சென்சாரில் உரசலே இல்லை, தேய்மானமும் இல்லை. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் அதற்காகவே பேர் வாங்கியது.

துல்லியத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் சுவை புரியும். குச்சி எவ்வளவு சாய்கிறதோ உடலும் அவ்வளவு திரும்பும் என்ற முறையில் ஓட்டுகிறோம், மெக்கின் உடல் இருபுறமுமாக 200 டிகிரி திரும்பும் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோவின் சாய்வில் 1024 படிகள். ஒரு படி நகர்ந்தால் 500 மீட்டர் தூரத்தில் குறி சுமார் 1.7 மீட்டர் தாவும். அதே ஜாய்ஸ்டிக்கின் பிடி முறுக்கலில் 256 படிகள்தான். அதில் உடல் திருப்பத்தை வைத்தால் தாவல் ஏறக்குறைய 7 மீட்டர். குறி எதிரியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரே எட்டில் போய்விடும்! டி.16000எம்மில் 16,384 படிகள். தாவல் அரைச் சாண்.

இதோடு நிறுத்திக்கொண்டால் டி.16000எம்மை வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். கைக்குத் தெரிகிற நடு இருக்கிறதே, அங்கேதான் அது சறுக்குகிறது. குச்சியைச் சுற்றி ஒரே ஒரு பெரிய ஸ்ப்ரிங். அது ஒரு பிளாஸ்டிக் தட்டை அழுத்திக்கொண்டிருக்கிறது. நடுவிலிருந்து கிளம்ப அந்தத் தட்டைக் கிளப்பியாக வேண்டும். மெல்ல அழுத்துகிறோம், அசையவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், சட்டென்று விடுபட்டுத் தேவைக்கு மேல் போய்விடுகிறது. பதினாறாயிரம் படியும் அந்த ஒரு சட்டெனலில் வீண். நல்ல கிரீஸ் தடவினால் பாதி சரியாகும், மீதி சரியாகாது. இதைவிடப் பல மடங்கு விலையுள்ள, ஏ-10 போர் விமானத்தின் பிடியை உலோகத்தில் வார்த்த வார்ட்ஹாக் ஜாய்ஸ்டிக்கிலும் நடுவில் இந்த முரண்டு உண்டு. பார்க்க ராஜா, விரல் நுனிக்கு முரடன்.

விகேபி கிளாடியேட்டர் என்எக்ஸ்டி வேறு சாதி. குறுக்குக்கு ஒரு ஸ்ப்ரிங், நெடுக்குக்கு ஒரு ஸ்ப்ரிங் எனத் தனித்தனி. மென்மையானதும் கடினமானதும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். அதைவிட நயமானது உள்ளே இருக்கும் உராய்வுப் பிடி. அதை ஒரு சுற்று இறுக்கினால் குச்சி தேன் புட்டிக்குள் கரண்டி நகர்வதுபோல் நகரும். கையை எடுத்தாலும் துள்ளாமல் நிதானமாக நடுவுக்கு வரும். மெக்கின் கனத்தை இதைவிடப் பொருத்தமாகக் கைக்குச் சொல்லும் உத்தியை நான் பார்த்ததில்லை. நூறு டன் எடையுள்ள அட்லஸ் என்ற மெக் உடலைத் திருப்பும்போது அது சோம்பலாகத்தான் திரும்ப வேண்டும். கையும் அந்தச் சோம்பலை உணரவேண்டும். இன்னும் விலை கூடிய விகேபி கன்ஃபைட்டர், விர்பில் ரகங்களில் ஸ்ப்ரிங் அழுத்தும், கேம் எனப்படும் வளைவுத் துண்டுகளையே மாற்றலாம். நடுவில் பள்ளம் வைத்தது ஒன்று, பள்ளமே தெரியாமல் வழுக்கிப் போவது இன்னொன்று. விண்வெளி விளையாட்டுக்காரர்கள் பள்ளத்தை விரும்புவார்கள். மெக்குக்குப் பள்ளம் ஆகாது. குறியை இடமிருந்து வலமாக மெல்ல இழுக்கையில் ஒவ்வொரு முறையும் நடுவில் தடுக்கும்.

ட்ரிக்கரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆள்காட்டி விரல் ட்ரிக்கரை இழுக்கும்போது குச்சியையும் சேர்த்து நம் பக்கம் இழுக்கிறது. குறி ஒரு நூல் மேலே ஏறும். கட்டைவிரல் பட்டனோ குச்சியைப் பக்கவாட்டில் தள்ளும். மென்மையான ஸ்ப்ரிங் போட்டவர் இதற்கும் ஒரு விலை கொடுக்கிறார். அதனால் எந்த ஆயுதம் எந்த விரலுக்கு என்பது ரசனையோடு தீர்மானிக்க வேண்டிய விஷயம். லேசர் எரிய எரியத் திருத்திக்கொள்ளலாம். ஆகவே அது கட்டைவிரலுக்குப் போகட்டும். ஒரே குண்டில் காரியம் முடிக்கும் பீரங்கிக்குத் திருத்தம் கிடையாது, அது ட்ரிக்கருக்கு. மெக்வாரியர் ஆன்லைனின் காஸ் ரைஃபிள் இதில் தனி அழகு. அழுத்தியதும் சுடாது, அழுத்திப் பிடித்து மின்னேற்றி, விரலை விடும்போதுதான் சுடும். இழுப்பின் குலுக்கல் எல்லாம் அடங்கிய பிறகு, விரல் தளரும் தருணத்தில் குண்டு கிளம்புகிறது. அழுத்தியதும் சுடும் ஆயுதங்களில் இந்தச் சௌகரியம் இல்லை.

இடது கைக்கு வேக நெம்புகோலான த்ராட்டில். விமான த்ராட்டிலுக்குப் பின்னோக்கிப் போகும் வழக்கம் இல்லை. மெக்குக்குப் பின்வாங்குவது பாதிச் சண்டை. நெம்புகோலின் நடுவைப் பூஜ்யமாக வைத்து, முன்னே தள்ளினால் ஓட்டம், பின்னே இழுத்தால் பின்னடை என்று அமைப்பதுதான் எனக்குப் பிடித்தது. அதற்கு நடுவில் ஒரு சின்னத் தடுப்பு இருந்தால் சுகம், கண்ணை எடுக்காமலே மெக்கை நிறுத்தலாம். ஆம், குச்சியில் வேண்டாம் என்ற பள்ளத்தைத்தான் இங்கே கேட்கிறேன்! கால் திருப்பத்துக்குப் பெடல் இருந்தால் வேறெதுவும் வேண்டாம். 1990-ல் சிகாகோவில் திறந்த பேட்டில்டெக் மையத்தின் மூடிய கூண்டுகளிலேயே வலது கையில் குச்சி, இடது கையில் த்ராட்டில், காலுக்கு இரண்டு பெடல் என்றுதான் வைத்திருந்தார்கள். கால் காலைத் திருப்பும், கை உடலைத் திருப்பும். சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை.

அமைப்பதில் வரிசை முக்கியம். நடுவைச் சுற்றிய சின்ன அசைவுகளைக் கணக்கில் எடுக்காமல் விடும் டெட்ஸோனைப் பூஜ்யமாக்கிவிட்டு, விண்டோஸ் காட்டும் ஜாய்ஸ்டிக் பக்கத்தைத் திறந்து, குச்சியைத் தொட்டு விட்டுப் பாருங்கள். புள்ளி நடுங்காமல் நிற்கிறதென்றால் டெட்ஸோனே வேண்டாம்; நடுங்கினால் நடுக்கம் மறையும் அளவு மட்டும். பலர் பழக்கதோஷத்தில் பத்து சதவீதம் வைத்துவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய நடுவை அப்படியே வெட்டி எறிகிற வேலை அது. அடுத்து, எவ்வளவு சாய்த்தால் எவ்வளவு பலன் என்று தீர்மானிக்கும் வளைகோடு. சாய்வைப் போல உடல் திரும்பும் முறையில் வளைகோடு போடாதீர்கள், கை கணக்குத் தவறும். சாய்க்கச் சாய்க்க வேகம் கூடும் முறையில், நடுவில் படுத்து ஓரத்தில் நிமிரும் வளைவு அவசியம். ஜாய்ஸ்டிக் கிரெம்லின் என்ற இலவச மென்பொருளில் இந்தக் கோட்டை மௌஸால் இழுத்தே வரையலாம். மெக்வாரியர் 5: மெர்சனரீஸ் உங்கள் ஜாய்ஸ்டிக்கை அடையாளம் காணாவிட்டால், ஹோடாஸ் மேப்பிங்ஸ் என்ற எழுத்துக் கோப்பை நோட்பேடில் திறந்து அச்சுக்கு அச்சு எழுத வேண்டியிருக்கும். அலுப்பான வேலை, ஆனால் ஒருமுறைதான்.

மேஜை மேல் வைத்த ஜாய்ஸ்டிக் பெரும்பாலும் உயரம் அதிகம். தோள் தூக்கிக்கொண்டு நிற்கும், கை சீக்கிரம் கடுக்கும். முழங்கை மடங்கி, முன்கை தரைக்கு இணையாக இருக்கும் உயரத்தில் நாற்காலியோடு பிடித்துக் கட்டும் தாங்கி கிடைத்தால், விலை உயர்ந்த குச்சிக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

இந்த வகையில் இதுவரை வந்ததிலேயே ரசித்துச் செய்த சாதனம் எது என்றால், 2002-ல் கேப்காம் எக்ஸ்பாக்ஸுக்கு வெளியிட்ட ஸ்டீல் பட்டாலியன் கட்டுப்பாட்டுப் பலகைதான். அமெரிக்காவில் 200 டாலர். இரண்டு நெம்புகோல், கியர், மூன்று பெடல், ஏறக்குறைய நாற்பது பட்டன். ஓட ஆரம்பிக்கும் முன் கதவை மூடவேண்டும், வரிசையாக ஐந்து சுவிட்சை மேலே தட்டவேண்டும், பிறகுதான் என்ஜின். வேகத்தில் திடீரென்று திருப்பினால் மெக் குப்புற விழும். தீயணைக்க ஒரு பட்டன், கண்ணாடி கழுவ ஒரு பட்டன். ஓரத்தில் ஒளி ஊடுருவும் மூடிக்குள் வெளியேறும் பட்டன். மெக் அழியப்போகிறது என்றால் அது மினுக்கும். மூடியைத் தூக்கிச் சமயத்தில் அடிக்காவிட்டால் ஓட்டுநர் சாவான், அதுவரை சேமித்த ஆட்டமும் அழிந்துபோகும். மூடி திறக்க ஆகும் அரை நொடியை விளையாட்டின் விதியாகவே வைத்த அந்தத் துணிச்சலுக்கு இன்னும் ஈடு வரவில்லை.

போட்டியில் ஜெயிப்பதுதான் நோக்கம் என்றால் மௌஸை விடாதீர்கள். துல்லியத்தில் எந்தக் குச்சியும் அதை எட்டாது. மெக்கின் எடை கைக்குத் தெரியவேண்டும் என்கிறவர்களுக்கு என் சிபாரிசு கிளாடியேட்டர் என்எக்ஸ்டி. பட்ஜெட் இடம் தராவிட்டால் டி.16000எம்மும் ஒரு டப்பா கிரீஸும்.