நீலியின் வழக்கு

வகுப்பில் ஒரு மாணவி அழுதுகொண்டிருந்தாள். விடுதியில் ஏதோ தகராறு. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "நீலிக்கண்ணீர் மேடம், நம்பாதீங்க" என்றது. சொன்னவளும் பெண்தான். அன்றைய பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, நீலி யார் என்று கேட்டேன். ஒருத்திக்கும் தெரியவில்லை. பொய்யாக அழுகிறவள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கதை திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரில் நடந்ததாகச் சொல்லப்படுவது. முற்பிறவியில் ஒருவன் நகைக்காக மனைவியைக் கொல்கிறான். (தெற்கே வில்லுப்பாட்டில் அவள் தாசியின் மகள். அவனை நம்பிப் பின்னாலேயே வந்தவள். கள்ளிக்காட்டில் அவன் மடியில் தலைவைத்துத் தூங்கும்போது கொல்லப்படுகிறாள்.) மறுபிறவியில் அவன் வணிகன், அவள் நீலி என்னும் பேய். கள்ளிக்கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைப் பின்தொடர்கிறாள். பழையனூர்ச் சபையில் எழுபது வேளாளர்கள் முன்னால் அழுகிறாள்: இவன் என் கணவன், என்னைக் கைவிடப் பார்க்கிறான். வணிகன் அலறுகிறான்: இவள் பெண்ணே இல்லை, பேய். குழந்தையை இறக்கிவிடுகிறார்கள். அது நேரே அவனிடம் போய் அப்பா என்கிறது. வழக்கு முடிந்தது. இருவரும் இன்றிரவு ஓர் அறையில் தங்கட்டும், அவன் கையிலிருக்கும் ஆயுதத்தை வாங்கி வைத்துவிடலாம் என்கிறார்கள். உன் உயிருக்கு எங்கள் எழுபது பேரின் உயிரும் ஈடு என்று வாக்கும் கொடுக்கிறார்கள். விடிந்தபோது அவன் பிணம். எழுபது பேரும் தீப்பாய்கிறார்கள்.

சம்பந்தர் இந்த ஊரைப் பாடும்போதே கதையைத் தொட்டுச் செல்கிறார். ஆக 7ஆம் நூற்றாண்டிலேயே இது வழக்கில் இருந்திருக்கிறது. அவர் சொல்லிலும் அவள் வஞ்சகம் செய்தவள்தான். பிற்காலத்தார் இதை வேளாளரின் வாய்மைக்குச் சான்றாக்கினார்கள். வாய்மை அவர்களுக்குப் போயிற்று, கண்ணீர் மட்டும் நீலியின் பெயரில் நின்றது.

பல ஆண்டுகளாக இந்தக் கதையை நடத்திவரும் எனக்கு உறுத்துவது அந்த விசாரணைதான். "இந்த ஆளோடு அனுப்பினால் என்னைக் கொன்றுவிடும்" என்று ஒருவர் மன்றாட, "குடும்பம்னா அப்படித்தான், போய் ஒண்ணா இருங்க" என்று பெரியவர்கள் அனுப்பிவைக்கும் காட்சியை நாம் வேறெங்கோ பார்த்திருக்கிறோம். பிறந்த வீட்டுக்கு ஓடிவந்த மகளுக்குக் கூடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் காட்சி அது. பழையனூர்க் கதையில் அந்த இடத்தில் ஓர் ஆண் நிற்கிறான். உயிர்ப்பயத்தைச் சொல்லியும் நம்பப்படாதவன், குழந்தையைக் காட்டி வாயடைக்கப்பட்டவன், கதவு சாத்தப்பட்டவன் அவனே. கொல்லப்பட்டவள் கேட்ட தண்டனை வெறும் சாவு அல்ல. தன் இடத்தில் அவனை ஓர் இரவு நிற்கவைத்தாள். ஒரு வித்தியாசம், கொடுத்த வாக்குக்காக இந்தப் பஞ்சாயத்து தீக்குளித்தது. நான் அறிந்த கூடங்களில் யாரும் அப்படிச் செய்ததில்லை.

அந்தக் குழந்தையையும் விட்டுவிட முடியவில்லை. கள்ளி ஏன்? வில்லுப்பாட்டு வடிவத்தைப் படித்தவர்களுக்கு அது தற்செயலாகத் தோன்றாது. கொலை நடந்தபோது அருகில் இருந்தது கள்ளி மட்டும்தான். சாட்சியை ஒடித்து இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அவள் சபைக்கு வருகிறாள். சபை அந்தச் சாட்சியிடம் "இவன் யார்" என்று மட்டும் கேட்டது. இவன் என்ன செய்தான் என்று கேட்கவில்லை.

பேய் விசாரணைகள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் நடக்கின்றன. மானுடவியலாளர் இசபெல் நபொக்கோவ் 1990களின் தொடக்கத்தில் தென்னாற்காட்டுப் பகுதியில் பேயோட்டும் சடங்குகளைப் பார்த்துப் பதிவுசெய்தார். பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் புதிதாக மணமான பெண்கள். பிடித்தவை பெரும்பாலும் ஆசை நிறைவேறாமல் தற்கொலை செய்துகொண்ட இளைஞர்களின் பேய்கள். பம்பைக்காரர்கள் பேயிடம் கேட்கிறார்கள்: உன் பேர் என்ன, எங்கே பிடித்தாய், எப்போது போவாய்? கடைசியில் அவள் தலைமயிரில் ஒரு கற்றையைப் புளியமரத்தில் ஆணி அடிக்கிறார்கள். அவள் புருஷன் வீடு திரும்புகிறாள். 'காதலனை விரட்டு, மனைவியை மீட்டெடு' என்பது 1997இல் வந்த அவரது கட்டுரையின் தலைப்பு.

பேயாடுதல் பெண்ணின் எதிர்ப்புக்குரல் என்று எழுதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நானும் கவிதைகளில் அப்படி எழுதியிருக்கிறேன். இப்போது தயக்கமாக இருக்கிறது. அந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்று சொல்வதற்கு அவளுக்கு ஒரு செத்த ஆணின் பெயர் தேவைப்படுகிறது. கேள்வியும் அவனிடம்தான் கேட்கப்படுகிறது, பதிலும் அவன் பெயரில்தான் வருகிறது. இதைக் குரல் என்று கொண்டாடும்போது அந்த ஆணியை மறந்துவிடுகிறோம்.

பகுத்தறிவு விசாரணை மாற்றாகுமா? திருவல்லாவில் பிறந்து இலங்கையில் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர், அமானுஷ்ய ஆற்றலை மோசடிக்கு இடமில்லாமல் நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று சவால் விட்டார். 1978இல் இறக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை. வேப்பிலை அடியிலிருந்து பெண்களைக் காப்பாற்ற இப்படிப்பட்டவர்கள் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பேய் இல்லை என்று நிரூபித்ததோடு அவள் வழக்கு முடிந்துவிடுவதில்லை. 2005இல் வந்த 'சந்திரமுகி'யைப் பாருங்கள். அரண்மனையில் பேய் இல்லை, கங்காவுக்கு மனநோய் என்று மருத்துவர் கண்டுபிடிக்கிறார். கண்டுபிடித்த பிறகு மந்திரவாதியோடு கைகோத்து, பழிதீர்த்ததாக அவளை நம்பவைக்க ஒரு பொம்மையை எரிக்கக் கொடுத்து, குணமானவளைக் கணவனிடம் ஒப்படைக்கிறார். சந்திரமுகியின் காதலனைக் கொன்று அவளை உயிரோடு எரித்தவன் வேட்டையன். அந்தக் கொலையைப் பற்றிப் படத்தில் எவருக்கும் ஐயமில்லை, கவலையும் இல்லை. தியேட்டரில் கைதட்டல் வாங்கியது வேட்டையனின் 'லகலக'தான். எங்கள் தெருக் குழந்தைகள் ஒரு கோடை முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். கொலைகாரனின் சிரிப்பு விளையாட்டாகிவிட்டது, கொல்லப்பட்டவளின் அழுகை வசையாக இருக்கிறது.

நீலிக்கு ஒரே ஒரு முறை வேறு வேடம் கிடைத்தது. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசி, சமணர் எழுதியது. முனிச்சந்திரரை விரட்டுவதற்காக அழைக்கப்பட்ட பழையனூர் நீலி, அவரிடம் தோற்று மாணவியாகிறாள். பிறகு குண்டலகேசி தொடங்கி பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வேதவாதி, பூதவாதி என்று ஒவ்வொருவராக வாதில் வெல்கிறாள். இதுவரை கேள்வி கேட்கப்பட்டவள் இங்கே கேள்வி கேட்கிறாள். தமிழில் ஒரு பெண் பேய்க்கு இவ்வளவு தர்க்கம் வேறெங்கும் வாய்க்கவில்லை. மாணவிகளுக்கு இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடும். எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உயிர் உண்டா, எல்லாம் கணத்துக்குக் கணம் அழிவதா என்பவைதான் அவள் வாதிடும் பொருள்கள். யார் தன்னைக் கொன்றது, எதற்காக என்பது எந்தச் சபையிலும் எழவில்லை. சமணத்துக்கு அவள் நாக்கு வேண்டியிருந்தது, வழக்கு வேண்டியிருக்கவில்லை.

வழக்கை மறக்காதவர்கள் பெண்களாகவே இருக்கலாம். ஆரல்வாய்மொழிக்கு அருகே, காற்றாலைகள் சுழலும் முப்பந்தலில் இசக்கியம்மனை நீலி என்றே சொல்வார்கள். குழந்தை வேண்டியும், பிறந்த குழந்தை பிழைக்க வேண்டியும் பெண்கள் தொட்டில் கட்டுகிறார்கள். கொன்றவளிடமா என்று கேட்டால் அவர்களுக்குக் கேள்வியே புரிவதில்லை. அவள் ஏன் கொன்றாள் என்பதைக் கொடைதோறும் வில்லுப்பாட்டில் கேட்டவர்கள் அவர்கள்.

இதையெல்லாம் அன்று உற்சாகமாகச் சொல்லி முடித்தபோது மணி அடித்துவிட்டது. வெளியே வந்த பிறகுதான் உறைத்தது, அழுத பெண்ணிடம் என்ன நடந்தது என்று நானும் கேட்கவில்லை. திரும்பிப் போனேன். முகம் கழுவிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தாள். அடுத்த வகுப்பு இருவருக்கும் தவறிப்போயிற்று.