கணிப்பொறியும் கமகமும்

இசையை எண்ணால் அளத்தல் தமிழர்க்குப் புதிதன்று. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கியவரும் பின்னர்த் துறவு பூண்டவருமாகிய விபுலாநந்த அடிகளார் 1947 இல் அளித்த யாழ்நூல், சுரங்களை விகிதங்களாற் கணித்து, மறைந்துபோன யாழ்களை மீட்க முயன்ற பெருநூலாகும். சட்சத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள உறவு இரண்டுக்கு மூன்று என்றாற்போன்ற கணக்கு, சுரம் ஓரிடத்தில் நிற்பது என்று கொண்டே தொடங்கும். நரம்புக்கு அது பொருந்தும். பாடுங் குரலோ நிற்பதில்லை.

அண்மைக்கால ஒலியாராய்ச்சி ஈண்டுதான் கருதத்தக்கதாகின்றது. பார்சலோனாவிற் சேவியர் செர்ரா தலைமையில் 2011 முதல் 2017 வரை நடைபெற்ற கொம்ப்மியூசிக் என்னுந் திட்டம், கருநாடக இசையையும் ஆய்வுப் பொருளாகக் கொண்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து ஹேமா மூர்த்தி குழுவினரும் அதிற் பங்குகொண்டனர். பாட்டை மிகச் சிறு காலத்துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் குரலின் அதிர்வெண்ணைக் கண்டு, பாடகரின் ஆதார சுருதியினின்று அஃது எத்துணை உயர்ந்துளது என்று கணித்து, ஒரு ஸ்தாயியை 1200 சென்ற் எனக் கொண்டு கோடாக வரைதலே இவ்வாய்வுகளின் முதற்படி.

தோடியின் காந்தாரத்தை இவ்வாறு வரைந்து பார்ப்பின் உண்மை வெளிப்படும். ஏட்டிலே அஃது ஓரெழுத்து. வரைபடத்திலோ ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே ஊசலாடும் அலை. காந்தாரத்துக்குரிய தானத்திற் குரல் தங்கும் நேரமோ மிகச் சிறிது. ஆசான் வாயாற் பாடிக்காட்டியே உணர்த்திவந்த ஒன்றைக் கண்ணாற் காணச் செய்தது இவ்வாய்வின் மெய்யான பேறு. ஒரே சுரங்களை ஆளும் இராகங்களைச் சுரக்கணக்கு மாத்திரம் பிரித்தறியாது. அதனாற் சஞ்சாரங்களைத் தேடிப் பொருத்தும் முறைகளை நாடவேண்டியதாயிற்று. வித்துவான்கள் இதைக் கேட்டுச் சிரித்தல் கூடும்!

எனினும் குறைகள் உள. கச்சேரியில் வயலின் குரலை நிழல்போலத் தொடரும். இரண்டும் ஏறக்குறைய ஒரே சுரத்தில் இயங்குதலின், இது குரல், இது வில் என்று பிரித்தல் பொறிக்கு அரிது. ஒவ்வொருவர்க்கும் தனி ஒலிவாங்கி வைத்துப் பதிந்த சராகா என்னுந் தொகுதியிலும், அரங்கிற் பதிந்தமையால் ஒருவர் ஒலி மற்றவர் தடத்திற் கசிந்திருக்கின்றது.

இதனினும் பெரிது, எவ்விசையை அளந்தனர் என்னும் வினா. ஆய்வுக்குத் திரட்டியவை பெரும்பாலும் சபைக் கச்சேரிகளின் பதிவுகளே. நாரந்தனையிலும் அயல் தீவூர்களிலும் கோயில் வீதியில் நாதசுரங் கேட்டு வளர்ந்த ஒருவர்க்குத் தோடி என்பது முதலிற் குழலிலிருந்தே பிறக்கின்றது. திருவாவடுதுறை இராசரத்தினம்பிள்ளை (1898–1956) புகழ்பெற்றதும் அத்தோடியாலன்றோ? பண்ணோடு ஓதப்படும் தேவாரமும் அவர் செவியை வளர்த்தது. இவற்றைப் புறத்தே நிறுத்திவிட்டுக் கருநாடக இசையின் இயல்பு இதுவெனல் அவசர முடிபாகும்.

தவில் முழங்கும் திறந்த வீதியிற் பதிந்த ஒலியைப் பிரித்துக் கோடு வரைதல் சபையொலியை வரைதலினுங் கடினமே. அப்பணியிற் புகுவார் குழலூதும் கலைஞரையும் உடன்கொள்ளல் வேண்டும். கோட்டின்மீது காந்தாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றதென்று குறிக்க வேண்டியவர் அவரே.